எட்டுக்கு எட்டு

பத்துப் பேருக்குப் புளியோதரை கிளற எவ்வளவு நேரம் ஆகும் என்று தப்புக் கணக்குப் போட்டதால்தான் அன்று என் ஆட்டம் கடைசிக்குப் போனது.

2005 பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. இங்கிலாந்தில் மேற்கு யார்க்‌ஷயர், ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கோவையில் டெக்ஸ்டைல் படித்துவிட்டு, கோட்டுத் துணி நெய்யும் மில் ஒன்றில் நூல் பிரிவுக்கு வேலைக்குப் போயிருந்தேன். அந்த ஊர் ஸ்குவாஷ் கிளப்புக்கு மூன்று அணிகள் உண்டு. அணிக்கு ஐந்து பேர். மூன்றாவது அணியின் ஐந்தாவது ஆட்டக்காரன் நான். அதாவது கிளப்பிலேயே பதினைந்தாவது ஆள். பதினாறாவது ஆளுக்கு முதுகுவலி.

அங்கே ஒரு வழக்கம். லீக் ஆட்டம் நம்முடைய கோர்ட்டில் நடந்தால், வந்த அணிக்கு நாம் சாப்பாடு போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். பெரும்பாலும் இறைச்சி வைத்த பையும், மசித்த பச்சைப் பட்டாணியும். எங்கள் கிளப்பில் வியாழக்கிழமை சமையல்கட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஆட்டக்காரர்களே முறை வைத்துக் கொண்டுவருவோம். அந்த வாரம் என் முறை. மற்ற நால்வரும் பேக்கரியில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். எனக்குத்தான் வீம்பு.

"ஏங்க, பத்துப் பேருக்கு ஆக்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. நம்ம குக்கர் மூணு லிட்டருங்கறது ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

ஞாபகம் இல்லை. மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அடிப்பிடித்துக் கொட்டியாயிற்று, ஆக நாலு தடவை. இடையில் உருளைக்கிழங்கு வறுவல். கேப்டனுக்கு இரண்டு முறை போன் பண்ணி "கிளம்பிவிட்டேன்" என்று பொய் சொன்னேன். சமையல்கட்டின் விசில் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கடைசியில் பாத்திரங்களைப் பழைய போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்து, பனி உருகிச் சேறாகிக் கிடந்த ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. ஆறரைக்குத் தொடங்கிய போட்டி. வாசலிலேயே கேப்டன் நின்றுகொண்டிருந்தார். "ஓடு, ஓடு, எதிராளி உள்ளே காத்திருக்கிறான்" என்றார். காரைப் பூட்டிச் சாவியை நிஜாரின் ஜிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிரணிக் கேப்டன் நினைத்திருந்தால் என் ஆட்டத்தை வாக்ஓவர் என்று எழுதிக்கொண்டு போயிருக்கலாம். பெருந்தன்மை.

உள்ளே போகிற வழியில்தான் நிலவரம் தெரிந்தது. நான்கு ஆட்டங்களும் முடிந்துவிட்டன. இரண்டுக்கு இரண்டு. என் ஆட்டம்தான் பாக்கி.

இந்த இடத்தில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். நான் வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். எங்களுக்கு ஸ்குவாஷ் என்றால் விருந்தாளி வந்தால் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் ஆரஞ்சு பாட்டில். நான் ஆடியது பூப்பந்து. தஞ்சாவூர் சீமையிலேயே பிறந்த ஆட்டம் அது. அணிக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து. பள்ளிக்கூட அணியில் பின்வரிசை ஆட்டக்காரனாக மாவட்ட அளவு வரை போயிருக்கிறேன். படித்ததும் நூல், ஆடியதும் நூல், பிழைக்கப் போன ஊரும் கம்பளிக்குப் பேர்போன ஊர். கம்பளி என்னை விடவே இல்லை.

பூப்பந்து ஆடியவனுக்கு மணிக்கட்டு பேசும். மில் நண்பர் ஒருவர் முதல் தடவை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனபோது, நான் பந்தை மூலையில் செருகிய விதத்தைப் பார்த்து, "கான் குடும்பம் உங்கள் ஊர்ப் பக்கமா?" என்று கேட்டார். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாரோ பள்ளிக்கூடத்துப் பையன்கள் 19-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய ஆட்டத்தை, பெஷாவர் பக்கத்து நவாக்கில்லி என்ற சிற்றூரிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டார்கள். 1951-ல் ஹாஷிம் கான் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார். பின்னால் அதே வம்சத்தில் வந்த ஜஹாங்கீர் கான் 1981-லிருந்து 1986 வரை ஐந்து வருஷத்துக்கும் மேல் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. மன்னார்குடிக்கும் பெஷாவருக்கும் 2,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்று சொன்னேன். நண்பர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மணிக்கட்டு பேசினாலும் கால் பேசவில்லை. கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். எங்கள் ஊர்த் திண்ணை வீட்டுக் கூடம் அவ்வளவு இருக்கும். அதற்குள் இரண்டு பேர் ராக்கெட்டோடு சுற்றுவது. நடுவில் கோடுகள் டி என்ற எழுத்து மாதிரி சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிற்கிறவன் முதலாளி. மற்றவன் நாலு மூலைக்கும் ஓடும் கூலியாள். நான் இரண்டு வருஷமாகக் கூலியாள்.

எங்கள் வட்டாரத்தில் இந்த ஆட்டத்துக்குத் தனி மரியாதை இருந்தது. கொஞ்சம் தள்ளி பான்டிஃப்ராக்ட் என்ற ஊர். அந்த ஊர்க் கிளப்பில் பயிற்சி எடுத்த லீ பீச்சில், அதற்கு நாலு மாதம் முன்புதான், 2004 அக்டோபரில், உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்திருந்தார். எங்கள் கேப்டன் கார்ப்பெட் கடைக்காரர், ஊருக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அதைத் தன் சித்தப்பா மகன் சமாச்சாரம் மாதிரி சொல்வார்.

மற்ற நால்வரின் ஆட்டத்தை அன்று நான் பார்க்கவில்லை. தாளில்தான் படித்தேன். ஆனால் ஒவ்வொருவரும் எப்படி ஆடியிருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும். முதல் ஆட்டக்காரன் கல்லூரி மாணவன். பந்து உடைந்துவிடும் போல அடிப்பான். சுவரின் அடியில் தகரப் பட்டை ஒன்று இருக்கும், அதற்கு டின் என்று பெயர். பந்து அதில் பட்டால் அவுட். இவன் கோபம் ஏற ஏற டின் சத்தம் கூடும். 0–3. இரண்டாமவர் பிளம்பர். ஒவ்வொரு தப்புக்கும் தன்னையே உரக்கத் திட்டிக்கொள்வார், அதைக் கேட்டு எதிராளிக்குப் பரிதாபம் வந்து ஆட்டம் கெட்டுவிடும். 3–2 ஜெயம். கேப்டன் 1–3. நான்காமவர் பள்ளி வாத்தியார். வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட வேகமாக அடித்ததில்லை. எல்லாம் உயரத் தூக்கிப் பின்மூலையில் இறக்குவதுதான். 3–0.

என் எதிராளி ஓய்வுபெற்ற தபால்காரர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். இரண்டு முழங்காலிலும் கட்டு. பந்தைத் தரையில் வைத்து ஷூவால் உருட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். ஸ்குவாஷ் பந்து பிறக்கும்போது செத்த பந்து. இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட அந்தக் குட்டி ரப்பர் உருண்டை, சூடேறினால்தான் எழும்பும். பிப்ரவரிக் குளிரில் தரையில் போட்டால் அவித்த முட்டை மாதிரிக் கிடக்கும். முப்பது வருஷம் மேடும் பள்ளமுமான தெருக்களில் கடிதப் பையோடு ஏறி இறங்கியவர், டி-யில் நின்றபிறகு இனி ஏன் நடக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர் போல ஆடினார். முதல் கேம் 2–9. இரண்டாவது 7–9. மூன்று பந்தில் ஒரு பந்து என் தலைக்கு மேலே போய்ப் பின்சுவரோடு ஒட்டி விழுந்தது. கொல்லைப்புறத்தில் விழுந்த சாவியைத் துழாவுகிறவன் போல நான் மூலையில் துழாவினேன்.

இரண்டாவது கேம் முடிந்து தொண்ணூறு விநாடி இடைவேளையில் அண்ணாந்து பார்த்தேன். கோர்ட்டின் பின்சுவருக்கு மேலே பார்வையாளர் மாடம். என் ஆட்டத்துக்கு அங்கே வழக்கமாக இருப்பது மார்க்கர் ஒருவர்தான். ஆடி முடித்த யாராவது ஒருவர் ஸ்கோர் சொல்ல உட்காருவார், அவ்வளவுதான். ஐந்தாவது ஆட்டக்காரனின் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் பாரில் இருப்பார்கள். அன்று மாடம் நிறைந்திருந்தது. எங்கள் நால்வர், அவர்கள் நால்வர், குளித்து முடித்து, ஈரத் தலையோடு, கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மார்க்கராக வாத்தியார். யாருமே பாருக்குப் போகவில்லை.

எனக்கு ஏதோ ஏறியது. மன்னார்குடி மைதானத்தில் மாவட்டப் போட்டி அன்று எங்கள் அப்பா சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தாரே, அதற்கப்புறம் நான் ஆடி யாரும் நின்று பார்த்ததில்லை.

மூன்றாவது கேமில் தபால்காரரின் முழங்கால்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் பாவம்தான். பந்தை முன்சுவரின் அடியில் மெல்ல விழச் செய்வது, அவர் அதை எடுக்கக் குனிந்தால் அடுத்ததைப் பின்னால் தூக்குவது. பூப்பந்தில் வலையோரம் போடும் அதே மணிக்கட்டு வேலை. 9–5. நான்காவது 9–6. மேலிருந்து யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். என்னைச் சுற்றிச் சுவர்கள் வியர்க்கத் தொடங்கியிருந்தன. வெளியே உறைபனி, உள்ளே எங்கள் மூச்சு. ஈரச் சுவரில் பட்ட பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஐந்தாவது கேம் அப்படித்தான் வழுக்கிக்கொண்டே போனது.

அந்தக் காலத்து ஸ்கோர் முறையைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஒன்பது புள்ளி எடுத்தால் கேம். ஆனால் சர்வீஸ் போடுகிறவனுக்கு மட்டும்தான் புள்ளி. எதிராளி ஜெயித்தால் அவனுக்குச் சர்வீஸ் மாறும், "ஹேண்ட் அவுட்" என்று மார்க்கர் சொல்வார், புள்ளி ஏறாது. உயிரைக் கொடுத்து நாற்பது அடி அடித்து ஒரு பந்தை ஜெயித்தால் கிடைப்பது, அடுத்த பந்தைப் போடும் உரிமை. இப்படி மாறி மாறிப் பத்து நிமிஷம் ஆடினாலும் பலகையில் எண் நகராது. இன்னொன்றும் உண்டு. ஸ்கோர் எட்டுக்கு எட்டு என்று வந்தால், சர்வீஸை வாங்குகிறவனிடம் கேட்பார்கள்: ஒன்றா, இரண்டா? "செட் ஒன்" என்றால் ஒன்பதோடு கேம் முடியும். "செட் டூ" என்றால் பத்து வரை போக வேண்டும். உலக ஸ்குவாஷ் சம்மேளனம் 2009-ல் இதையெல்லாம் தூக்கிவிட்டு, யார் ஜெயித்தாலும் புள்ளி, பதினொன்று வரை, பத்துக்குப் பத்து ஆனால் இரண்டு வித்தியாசம் என்று ஆக்கிவிட்டது. நல்லதுதான், டிவிக்கும் வசதி. 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில், இந்திய அணிக்குத் தங்கமா வெள்ளியா என்ற கடைசி ஆட்டத்தில், சென்னைப் பையன் அபய் சிங் பாகிஸ்தானின் நூர் ஜமானை ஐந்தாவது கேமில் 12–10 என்று முடித்ததைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கத்தினேன். கத்தி முடித்ததும் தோன்றியது, இவனிடம் யாரும் ஒன்றா இரண்டா என்று கேட்கவில்லையே. கொடுத்துவைத்தவன்.

ஐந்தாவது கேமில் நான் 8–7 என்று முன்னால் இருந்தேன். சர்வீஸும் என் கையில். ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் எங்களுக்கு, போட்டியும் எங்களுக்கு. சர்வீஸ் போட்டேன். கொஞ்சம் குட்டையாக விழுந்தது. தபால்காரர் அதை மூலையில் செருகினார். ஹேண்ட் அவுட். அடுத்த பந்தையும் அவரே எடுத்தார்.

"எய்ட் ஆல்" என்றார் வாத்தியார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒன்றா, இரண்டா?" என்றார்.

சீசன் தொடக்கத்திலேயே கேப்டன் இதற்குப் பாடம் நடத்தியிருந்தார். களைத்திருந்தால் ஒன்று சொல். எதிராளி களைத்திருந்தால் இரண்டு சொல். இரண்டு பேரும் களைத்திருந்தால், சர்வீஸ் அவனிடம் இருக்கிறது, ஆகவே இரண்டு சொல், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பாடம் தெளிவானது. அதை வைத்துப் பார்த்தால் நான் சொன்னது சரி என்றுகூட வாதாடலாம். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மேலே எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. இது இப்போதே முடிந்துவிடக்கூடாது என்று இருந்தது. அணிக்கு வேண்டியது ஜெயம். எனக்கு வேண்டியது இன்னும் கொஞ்ச நேரம்.

"டூ" என்றேன்.

மேலே யாரோ முனகினார்கள். ஆட்டத்தின் விறுவிறுப்பு தாங்காமல் வந்த முனகல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் சர்வீஸ். நீண்ட பந்து, இடது சுவரை ஒட்டிப் போவதும் வருவதுமாக, கடைசியில் அவர் டின்னில் அடித்தார். ஹேண்ட் அவுட். நான் சர்வீஸ் போட்டேன், இழந்தேன். ஹேண்ட் அவுட். அவர் போட்டார், இழந்தார். எட்டுக்கு எட்டு, எட்டுக்கு எட்டு என்று வாத்தியார் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழெட்டுத் தடவை சர்வீஸ் கை மாறியிருக்கும். தபால்காரர் ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் கையைச் சுவரில் துடைத்தார். சுவரே ஈரம், துடைத்து என்ன பயன் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது.

பிறகு என் சர்வீஸில் ஒரு பந்து. அவர் உயரத் தூக்கினார், நான் காற்றிலேயே வெட்டினேன், சுவரும் தரையும் சந்திக்கும் விளிம்பில் போய் விழுந்து உருண்டது. எழும்பவே இல்லை. அதற்கு "நிக்" என்று பெயர். யாரும் எடுக்க முடியாது.

"நைன் எய்ட்."

ஒன்று என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நாங்கள் ஜெயித்து முடித்திருப்போம். எனக்கு அது உடனே உறைத்தது. உறைத்த வேகத்தில் அடுத்த சர்வீஸைப் பக்கச் சுவருக்கு மேலே அவுட்டுக்கு அனுப்பினேன். அவருக்குச் சர்வீஸ் போனது. 9–9 ஆயிற்று.

கடைசிப் பந்து. அவர் சர்வீஸ், நான் பின்னாலிருந்து குறுக்கே அடித்தேன், அவர் வலது முன்மூலையில் மெல்ல விட்டார். நான் கிளம்பினேன். நடுவழியில் அவருடைய முதுகு. அகலமான, நனைந்த முதுகு. நின்றுவிட்டேன். ராக்கெட்டைத் தூக்கி "லெட் ப்ளீஸ்" என்றேன். வழி மறைந்தால் பந்தை மறுபடி ஆடக் கேட்கும் உரிமை அது.

மாடத்தில் இரண்டு விநாடி மௌனம். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் எங்கள் வாத்தியார். எங்கள் அணி. எங்கள் நாலாவது ஆட்டக்காரர்.

"நோ லெட்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்கோர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு இல்லாவிட்டாலும் அந்தப் பந்தை நான் எட்டியிருக்க மாட்டேன். கிளம்பியதே தாமதம். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 9–10. கேம் இரண்டுக்கு மூன்று, போட்டியும் இரண்டுக்கு மூன்று.

தபால்காரர் கை கொடுத்தார். கை நடுங்கியது. "நீ ஒன்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்" என்றார். நான் சிரித்துவைத்தேன்.

பழைய கோர்ட்டின் கதவு குட்டையானது. குனிந்துதான் வெளியே வர வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் எதிரே கேப்டன், கையை நீட்டிக்கொண்டு. தோற்றாலும் ஓடி வந்து கை கொடுக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய்ப் பிடித்துக் குலுக்கினேன். அவரும் மரியாதைக்குக் குலுக்கினார். குலுக்கிவிட்டு, கையை எடுக்காமலே கேட்டார்:

"கார் சாவி எங்கே?"

அவருக்குப் பின்னால் ஏழு பேர் மாடப்படியில் நின்றிருந்தார்கள். நிஜாரின் ஜிப்பைத் திறந்து சாவியைக் கொடுத்தேன். பிளம்பர் வாங்கிக்கொண்டு ஓடினார்.

புளியோதரை ஆறிப்போயிருந்தது. ஆறினால்தான் அதற்கு ருசி என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, ஆனாலும் சாப்பிட்டார்கள். எதிரணியில் ஒருவர் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை நகர்த்தி வைத்தார். தபால்காரர் உருளைக்கிழங்கு வறுவலின் அடியில் கிடந்த கருகல் வரை சுரண்டினார். வாத்தியார் முடிவுத் தாளைப் பூர்த்தி செய்து இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கினார். தாளின் ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய்க் கறை விழுந்தது.

"இடைவேளையில் கேட்டிருக்கலாமே, கொடுத்திருப்பேனே" என்றேன் கேப்டனிடம்.

"இரண்டாவது கேம் முடிந்ததும் கேட்கலாம் என்றுதான் எல்லோரும் மேலே வந்தோம். நீ திடீரென்று நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டாய். அப்போது போய்ச் சாவி கேட்டால் நன்றாகவா இருக்கும்?"

எட்டுக்கு எட்டில் மேலே முனகியது யார் என்று கேட்டேன். பிளம்பர் கையைத் தூக்கினார். காலையில் ஒரு சாண்ட்விச் தின்றதோடு சரியாம். இன்னொரு தட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார், மூன்றாவது தட்டு.